சங்கமத்தை வரையப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீல நைலும் வெள்ளை நைலும் கார்ட்டூம் நகரத்தில் கூடுகிற அல்-மொக்ரான் சங்கமத்தைப் பொருளாகக் கொண்டு, பல தேசத்து ஓவியர்கள் சேர்ந்து வைக்கப்போகும் கண்காட்சிக்கு உன்னையும் அழைத்திருக்கிறார்கள் என்றறிந்து மிகுந்த சந்தோஷமடைந்தேன். கூடவே ஒரு விசாரமும் உண்டு. சங்கமம் என்றவுடன் நம் மனம் ஐக்கியம், சமரசம் என்ற மங்கள வார்த்தைகளுக்குத் தாவிவிடுகிறது. தூரிகையும் அதன் பின்னே ஓடி, நீலத்தையும் வெள்ளையையும் குழைத்து ஒரு சாம்பல் நிறத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

அந்த நதிகளின் சுபாவம் அதுவன்று. எத்தியோப்பிய மலைநாட்டின் டானா ஏரியிலிருந்து புறப்பட்டு வரும் நீல நைல், பெயருக்குத்தான் நீலமே தவிர, ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் மலைமண்ணைக் கரைத்துப் பழுப்பாய்ப் பெருகி, விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து சாவதானமாக வருகின்ற வெள்ளை நைலை மேற்செல்லவொட்டாமல் தடுத்துத் தேங்க வைத்துவிடுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். (எத்தியோப்பியர் கட்டியிருக்கும் பேரணை இப்போது இந்தக் கணக்கை மாற்றி வருகிறது, அது வேறு கதை.) கூடிய பின்னும் இரு நீரும் சிறிது தூரம் தத்தம் நிறத்தோடேயே அருகருகே ஓடுகின்றன. வரைவதானால் அந்தத் தள்ளுமுள்ளை வரை. நம்முடைய பவானிக் கூடுதுறையையும் பிரயாகையையும் அந்தக் கரைக்கு ஏற்றுமதி செய்யாதே.

சூடானிய ஓவியர் இப்ராஹிம் எல்-சலாஹியை நீ அறிந்திருக்க வேண்டும். சங்கமத்துக்கு எதிர்க்கரையான ஓம்துர்மானில் 1930இல் பிறந்தவர். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்று, 1957இல் தாயகம் திரும்பி, கற்ற வித்தையைக் கார்ட்டூமில் காட்சிக்கு வைத்தபோது ஜனங்கள் பாராமுகமாயிருந்தார்கள். வேறொருவராயிருந்தால் நாட்டில் ரசனையில்லை என்று பத்திரிகைக்கு எழுதியிருப்பார். அவரோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் கண்ணுக்குப் பழகிய வீட்டு அலங்காரங்களையும் அரபு எழுத்துக்களையும் ஆராய்ந்து, பிறகு தம் படத்தின் மூலையில் தபால் தலை அளவுக்குச் சில எழுத்துக்களைப் பொறித்தார். பார்க்க ஆட்கள் வந்தார்கள். எழுத்தைப் பெரிதாகப் பரப்பினார். இன்னும் நெருங்கி வந்தார்கள். கடைசியில் அவ்வெழுத்துக்களையே பிளந்து திறந்தபோது, அவற்றினுள்ளிருந்து மனித முகங்களும் மிருகங்களும் செடிகொடிகளும் வெளிப்பட்டன. வர்ணங்களையும் கறுப்பு, வெள்ளை, காவி, பழுப்பு எனத் தம் மண்ணின் நிறங்களுக்குள் ஒடுக்கிக்கொண்டார். அந்தப் படங்களை அச்சுப்பிரதியிலாவது உற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு கித்தானைச் சட்டத்தில் ஏற்று.

இன்னொன்று. 2023 ஏப்ரலில் அந்நாட்டில் மூண்ட யுத்தத்தால் சூடானிய ஓவியர் பலர் கெய்ரோவுக்கும் நைரோபிக்கும் போய்விட்டனர். சங்கமத்துக்கு அருகே இருந்த தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. உன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் ஆற்றை அந்த ஓவியர்களில் ஒருவர் வெறும் ஞாபகத்திலிருந்தே எழுதியிருக்கக் கூடும். அந்தச் சுவரில் அவர்களுக்கே முதல் உரிமை. உன்னிடம் கேட்டது ஒரு படம். மூன்றாய் அனுப்பி இடத்தை அடைக்காதே.

ஆசிகளுடன்,
உன் அண்ணன்