மருந்துச் சீட்டு எதற்காக?

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் இரவுச் சந்தையிலோ சில்லறைக் கடையிலோ பெயரில்லாப் பொட்டலம் வாங்கி உண்போர் தோட்டப்புறங்களில் உண்டு. இரண்டே நாளில் வலி பறக்கிறது. மரம் சீவப் போக முடிகிறது. அந்த விரைவைக் கண்டுதான் நாம் ஐயுற வேண்டும். ஜமு முதலிய நாட்டு மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து திருட்டுத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது.

மருத்துவர் கையில் அது நல்ல மருந்தே. அளவறியாது நெடுநாள் உண்டால் முகம் வீங்கும்; இரத்தத்தில் சர்க்கரை ஏறும்; குடலில் புண் உண்டாகிக் குருதி கசியவும் கூடும். ஆகவேதான் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதனைப் 'பி' பிரிவில் சேர்த்துள்ளது. 'நச்சு' என்ற சொல்லைக் கேட்டு மருந்தையே வெறுத்துவிட வேண்டா. அளவு பிறழ்ந்தால் கேடு செய்யும் என்பதே அதன் கருத்து.

'பி' பிரிவு மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே வழங்கலாம். அன்றி, அவர் எழுதிய சீட்டின்பேரில் உரிமம் பெற்ற மருந்தாளர் வழங்கலாம். சீட்டில் மருத்துவரின் கையொப்பம், முகவரி, தேதி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு ஆகியவை இருத்தல் வேண்டும். மீண்டும் வழங்குமாறு குறிப்பு இல்லையேல் ஒரு முறைக்கு மேல் வழங்கலாகாது. 'சி' பிரிவு மருந்துக்குச் சீட்டு வேண்டுவதில்லை; எனினும் மருந்தாளரே விற்று, ஏட்டில் பதிந்துகொள்ள வேண்டும். சில தூக்க மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. பக்கத்து வீட்டாருக்கு இரக்கப்பட்டு இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் தகாது.

கடைகளில் விற்கப்படும் மருந்துகள், நாட்டு மருந்துகள் உட்பட, அரசாங்கத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும். உறையில் எம், ஏ, எல் என்னும் மூன்று ரோமன் எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் காணப்படும். நாட்டு மருந்தாயின் அவ்விறுதி எழுத்து 'டி'. எண்ணைப் பொய்யாக அச்சிடுவோரும் உளராதலால், பளபளக்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா எனப் பார்த்தல் நலம்.

ஏற்கெனவே இத்தகைய மாத்திரையை நெடுநாள் உண்டு வருவோர் இதனைப் படித்ததும் திடீரென்று நிறுத்திவிடலாகாது. ஸ்டீராய்டு நெடுங்காலம் சேரும்போது, உடல் தானே சுரக்க வேண்டியதைக் குறைத்துவிடுகிறது. சட்டென நிறுத்தினால் தளர்ச்சியும் மயக்கமும் தோன்றி, உயிருக்கே இடையூறாகலாம். உடனே அரசாங்க கிளினிக்கிற்குச் செல்க. வெட்கப்படாமல் அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு செல்க. எதை உண்டீர்கள் என்பதை மருத்துவர் அறிய அது பெரிதும் உதவும்.