மெட்டுக் கட்டிய வாத்தியார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் கூரம் பக்கத்தில் கூத்துக் கற்றுத் தருபவரை 'வாத்தியார்' என்றே அழைப்பார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கும் அதே பெயர்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டனார் பாரதக் கதை முழுவதையும் விடிய விடியக் கூத்துப் பார்த்தே கற்றவர். ஆகவே அவருக்கு இரண்டு வாத்தியாரும் ஒன்றுதான். கல்லூரி வாசலை மிதித்த எனக்கோ அதில் ஐயம் இருந்தது. தமிழ் நாடக மேடைக்குப் பாட்டுக் கட்டிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வரலாற்றைப் படித்த பின்னரே அந்த ஐயம் நீங்கியது.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, உப்பளத்தில் கணக்கராக வேலை பார்த்தார். இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். முதலில் நடிகர், பின்னர் ஆசிரியர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் தங்கித் தாள நுட்பம் கற்றார். பல சபைகளில் பணியாற்றியபின், 1918-இல் மதுரை மாநகரில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை'யைத் தொடங்கினார். நடிகர்கள் அனைவரும் சிறுவர்கள். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றவர்களும் அவ்வாண்டில் சேர்ந்தவர்களே. அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

இத்தகைய கம்பெனியில் பாட்டு அமைப்பவரின் வேலை என்ன? கம்பெனி வீட்டில் பிள்ளைகளோடு தங்க வேண்டும்; உரையாடலும் பாட்டும் எழுத வேண்டும்; எழுதியதைப் பாடிக் காட்டி மனப்பாடம் செய்விக்க வேண்டும். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை டி. கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். எழுதுவது ஓர் இரவில் முடியலாம். அதைச் சிறுவர் தொண்டையில் ஏற்றுவதற்கு எத்தனை பகல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணரும். உச்ச சுருதியில் உரக்கப் பாடும்போது அந்த எல்லையில் ஒலியாற்றல் மிகும். நாடகக்காரர்கள் உச்சத்தில் பாடியதற்கு இயற்பியலும் காரணம் சொல்கிறது.

ஆயினும் சிறுவன் வளர்வான், மகரக்கட்டு வரும், குரல் உடையும். நேற்று வரை வள்ளியாகப் பாடியவனால் இன்று அந்தச் சுருதியைத் தொட முடியாது. அவனுக்கு வேறு வேடம் வேண்டும். அவன் இடத்துக்கு இன்னொரு பிள்ளையைத் தயார் செய்ய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஹாண்டெலும், பாடகர் மாறும்போது பாட்டை அவர் குரலுக்கேற்ப மாற்றி அமைத்தவரே. மேடைக்கு இசையமைப்பவர் எங்கும் மனிதக் குரலின் அளவறிந்து தைக்கும் தையற்காரர்தான்.

சுவாமிகளின் பாட்டில் வெண்பாவும் விருத்தமும் உண்டு. சிந்தும் கும்மியும் உண்டு. பார்சி நாடகக் குழுக்கள் வழியே பரவிய வடநாட்டு மெட்டும் உண்டு. புலவருக்கும் பாமரருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டார் எனலாம்.

இப்பணியின் பயனை இன்றும் காணலாம். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வாசிப்பவர் வேறோர் ஊர். ஒத்திகை இல்லை. ஒருவரையொருவர் முன்பின் பாராதவர்கள்கூட இரவு மேடையேறி விடியும் வரை நடிக்கிறார்கள். எப்படி முடிகிறது? அனைவரும் படித்த பாடம் ஒன்று. அந்தப் பாடநூலை எழுதியவர் சுவாமிகள். அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றுவது வெறும் புகழ்ச்சியன்று.

இறுதிக் காலத்தில் அவரை வாதநோய் தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லிக் கொடுத்தவர் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். ஆனால் பாடம் நிற்கவில்லை, மாணவர்கள் பாடினார்கள்.

அங்கேதான் நமக்கும் ஒரு கடமை பிறக்கிறது. நாடகத்தின் சொற்கள் அச்சில் கிடைக்கும். மெட்டோ பாடுபவர் தொண்டையில்தான் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போகும். 'கூத்தாடி' என்ற சொல்லை வசையாக்கிய சமுதாயம் நம்முடையது. படித்துவிட்டோம் என்ற பெருமையில் நாமும் அதைச் சொல்லலாகாது. நம் ஊர்களில் கூத்து வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்களே, அவர்களிடம் சென்று அமருங்கள். ஒரு பாட்டையேனும் அவர் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து, பாடியவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். என் பாட்டனாரின் பள்ளிக்கூடத்துக்கு நாம் செலுத்தும் கட்டணம் அதுவாக இருக்கட்டும்.