வலிக்காத நெஞ்சு

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட். விடியும் முன்பே அங்கே பூ வந்து இறங்கும். ஓர் அம்மா தினமும் அங்கே பூ வாங்கி விற்கிறார். வயது 50. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நினைத்தால் மாத்திரை போடுவார். மறந்தால் விட்டு விடுவார்.

ஒரு நாள் பூக்கூடையுடன் படி ஏறினார். பாதியில் மூச்சு வாங்கியது. மாலையில் கால் வீங்கியது. இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வந்தது.

"நெஞ்சு வலிக்கலையே. வயசாகுது, அவ்வளவுதான்" என்றார்.

மகள் விடவில்லை. பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஜெயதேவா இதய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். சோதித்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. இதயத் தசைதான் தளர்ந்திருந்தது.

அடைப்பு இல்லாமல் இதயம் கெடுமா? கெடும்.

இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. இதயத் தசை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு அறை. அதற்குள் ஓர் அடுப்பு எரிகிறது என்று வைத்துக் கொள்வோம். கொழுப்பும் சர்க்கரையும்தான் விறகு. சர்க்கரை செல்லுக்குள் போக உதவுவது இன்சுலின். சர்க்கரை நோயில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. வாசலில் விறகு குவிந்து கிடக்கிறது. அடுப்புக்குப் போவதில்லை.

அதனால் செல் கொழுப்பையே மிகுதியாக எரிக்கிறது. அதற்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். எரியாத கொழுப்பு உள்ளே தேங்கிச் செல்லைக் கெடுக்கிறது. செல்கள் சிறிது சிறிதாகச் சாகின்றன. தோலில் புண் ஆறுவது போல் இங்கே புதுத் தசை வளர்வதில்லை. அந்த இடத்தில் நார்தான் வளர்கிறது.

ரத்தத்தில் தேங்கிய சர்க்கரையும் சும்மா இருப்பதில்லை. பாகு போல் நார்களில் ஒட்டிக் கொள்கிறது. இதயம் விறைத்துப் போகிறது. நன்றாக விரிந்து ரத்தத்தை வாங்க முடிவதில்லை. ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. மூச்சு வாங்குவது இதனால்தான்.

இவ்வளவு நடந்தும் பெரும்பாலும் வலி இருக்காது. சர்க்கரை நரம்பையும் கெடுக்கிறது. அதனால் சிலருக்கு மாரடைப்பு வலிகூடத் தெரியாது.

அமெரிக்காவில் ஃபிரமிங்காம் என்ற ஊரில் மக்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1974-இல் முடிவு வந்தது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு இதயம் தளர்வது இரண்டு மடங்குக்கு மேல். பெண்களுக்கோ ஐந்து மடங்கு!

"செத்த செல் திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்" என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

இப்போது அந்த அம்மாவின் மாத்திரைப் பொட்டலம் பூக்கூடையிலேயே இருக்கிறது. படியின் பாதியில் சற்று நிற்கிறார். பிறகு ஏறுகிறார்.