சங்கரன்கோவிலிலிருந்து தென்மலை: மலை ரயில் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் ஆல்புலா, பெர்னினா மலை ரயில் பாதைகளை 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பாதையில் 1902இல் கட்டி முடித்த லாண்ட்வாசர் பாலம் ஆறு வளைவுகளோடு 65 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் போகிறார்கள். அது எழும்பி இரண்டு வருடத்தில், 1904இல், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சங்கரன்கோவிலில் மத்தியானம் ரயில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் அந்த மலைக்குள் இருக்கலாம்.

ஆனால் நம்மில் பலர் கொல்லத்துக்கோ குருவாயூருக்கோ போகிற அவசரத்தில் அந்த மலையை அரைத் தூக்கத்தில் கடந்துவிடுகிறோம். ஆல்ப்ஸ் போகிறவர்கள் வழியில் ஒரு மலையூரில் இறங்கி, ராத்தங்கி, மறுநாள் ரயிலில் தொடர்வார்கள். நம் பாதையில் அப்படி இறங்க ஏற்ற ஊர் தென்மலை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு யோசனையைச் சுற்றித்தான்.

முதல் படி: பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

விருதுநகர்–தென்காசி பாதை 1927இல் வந்தது. சங்கரன்கோவில் அதில் ஒரு நிலையம். தென்காசி, செங்கோட்டை தாண்டியதும் பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், இடமண் என்று நிலையங்கள் வரிசையாக வரும். முடிவில் புனலூர். செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதி 49 கிலோமீட்டர். மீட்டர் கேஜாக இருந்த இந்தப் பகுதியை அகலப்பாதையாக்க 2010இல் மூடினார்கள். 2018இல்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் தென்காசிப் பக்கத்து மக்கள் இந்த ரயிலுக்காக எவ்வளவு ஏங்கினார்கள் என்பது அவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டாம் படி: பகல் ரயிலைத் தேர்ந்தெடுங்கள்

திட்டத்தில் மிக முக்கியமான முடிவு இதுதான். இந்த மலையில் ஓடும் எல்லா ரயிலும் காட்சிக்கு உதவாது. பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் மலையைக் கடக்கிறது; அது சங்கரன்கோவில் வழியாக வருவதும் இல்லை. சென்னை எழும்பூரிலிருந்து வரும் கொல்லம் எக்ஸ்பிரஸ் (16101) நம் ஊரை விடியலுக்கு முன்பே தாண்டிவிடும். மழைக்கால விடியலில் மேகம் இறங்கியிருக்கும்போது அது அழகான பயணம்தான், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

நமக்கு ஏற்றது மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் (16327). மதுரையில் முற்பகலில் கிளம்பி, மதியம் சங்கரன்கோவில் வந்து, நல்ல வெளிச்சத்திலேயே மலை ஏறி இறங்குகிறது. எதிர்த்திசையில் வரும் 16328ஆம் எண் ரயிலும், கொல்லத்திலிருந்து சென்னை போகும் 16102ஆம் எண் ரயிலும் பிற்பகலில் மலையைக் கடப்பதால் திரும்புகையிலும் பகல் காட்சி கிடைக்கும். கால அட்டவணை மாறக்கூடியது. கிளம்பும் வாரத்தில் நேரத்தையும் தென்மலை நிறுத்தத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட் இரண்டாக எடுங்கள்

வழியில் இறங்கித் தங்கி அதே டிக்கெட்டில் தொடரும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான். நம் தூரம் அதற்குள் வராது. ஆகவே சங்கரன்கோவில்–தென்மலை ஒரு டிக்கெட், திரும்ப ஒரு டிக்கெட். புனலூரோ கொல்லமோ பார்க்க ஆசையிருந்தால் அதற்குத் தனி.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும்வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இந்தப் பாதையில் அதிகம். அந்த நாட்களில் முன்பதிவில்லாமல் குழந்தைகளோடு கிளம்ப வேண்டாம். மற்ற சாதாரண நாட்களில் பொதுப்பெட்டியே போதும். ஏசி பெட்டியின் மூடிய கண்ணாடி வழியாக மலையைப் பார்ப்பதைவிட, திறந்த ஜன்னலில் காட்டு மணத்தோடு பார்ப்பது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: மாதத்தைத் தீர்மானியுங்கள்

ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் பொன்னான மாதங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் பாய்கிறது. குற்றாலச் சாரலுக்கும், தென்காசி வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்வதற்கும் அந்தக் காற்றே காரணம். சங்கரன்கோவில் கரிசலில் வெயில் காயும்போது ஆரியங்காவில் குடை பிடிக்க வேண்டியிருக்கும். ஒரே பிற்பகலில் இரண்டு தட்பவெப்பத்தையும் பார்த்துவிடலாம்.

ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் சங்கரன்கோவிலுக்குள் கூட்டம் அலைமோதும். தபசு பார்க்க வரும் வெளியூர் உறவினர்களையும் சேர்த்துக்கொண்டு, திருவிழா முடிந்த அடுத்த வாரம் கிளம்புவது நல்ல ஏற்பாடு. கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். அருவியும் மூடியிருக்கும், மண்சரிவால் ரயிலும் தாமதமாகலாம்.

ஐந்தாம் படி: ரயிலில் என்ன பார்ப்பது

செங்கோட்டையில் மலையேற்றத்துக்காக ரயிலின் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டுவார்கள். அதற்கப்புறம் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். பகவதிபுரம் தாண்டினால் நீண்ட சுரங்கம். நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளம். தென்னையும் வயலும் பின்தங்கி, அடர்ந்த மழைக்காடு ஜன்னலை உரசும். ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு, சற்று நேரத்தில் இரண்டும் இடம் மாறும். அதனால் எந்தப் பக்கம் உட்கார்வது என்று கவலைப்படாதீர்கள். எதிர்ப் பக்கத்தில் இருப்பவரோடு இடம் மாற்றிக்கொண்டால் போதும்.

கழுதுருட்டியை நெருங்கும்போது விழிப்பாக இருங்கள். பதின்மூன்று கண் பாலம் அங்கேதான். பாலத்தின் மேல் போகும்போது அதன் அழகு தெரியாது. ரயில் வளையும்போது எட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் சாலை வழியே வர வேண்டும். தென்மலையில் இறங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறாம் படி: தென்மலையில் தங்குங்கள்

தென்மலை கொடைக்கானல்போல் குளிராது, உயரம் குறைவு. கம்பளி தேவையில்லை, குடையும் உப்புப் பொட்டலமும் தேவை. மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் அட்டை ஏறும். உப்பு வைத்தால் விட்டுவிடும். அறையை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள், சின்ன ஊர். எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள்.

ஒரு இரவு போதுமா என்று கேட்பார்கள். இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். மறுநாள் காலை கல்லடை அணைக்கட்டு, மான் பூங்கா, செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் நீர்த்தேக்கத்தில் படகு. செங்குறிஞ்சி மரத்தால் பெயர் பெற்ற இந்தக் காடு 1984இல் சரணாலயமானது.

மூன்றாம் நாள் செங்கோட்டை போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே பதின்மூன்று கண் பாலம், சாலையை ஒட்டி. அடுத்து ஆரியங்காவு சாஸ்தா கோவில். இங்கே ஐயன் மணக்கோலத்தில் இருக்கிறார். மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக வந்து சீர் செய்வது இன்றும் தொடர்கிறது. பக்கத்திலேயே பாலருவி. சாலையோர வாசலிலிருந்து வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். அங்கிருந்து செங்கோட்டைக்குப் பஸ். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு தென்காசி வழியாக வீடு வரலாம். ரயிலிலேயே திரும்ப விரும்பினால் இந்த இடங்களைக் காலையிலேயே முடித்துவிட்டுத் தென்மலைக்குத் திரும்புங்கள்.

அடுத்த பயணம்

பல்சக்கர ரயில் ஆசை உள்ளவர்களுக்கு நீலகிரி இருக்கிறது. கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் ஓடும் முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. 2005இல் இந்த மலை ரயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திருநெல்வேலி–மேட்டுப்பாளையம் வாராந்திரச் சிறப்பு ரயில் சங்கரன்கோவில் வழியாக ஓடியதுண்டு. இப்போதும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றே மலை ரயிலைப் பிடிக்க நினைக்காமல் மேட்டுப்பாளையத்தில் ஒரு இரவு தங்குங்கள்.

கடைசியாக, ஒரு வேண்டுகோள்

சுரங்கத்தில் படிக்கட்டில் நிற்காதீர்கள். செல்ஃபிக்காகப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் நடக்காதீர்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், வளைவில் வரும் ரயில் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும். கீழே சாலையிலிருந்து எடுக்கும் படத்தில்தான் பதின்மூன்று கண்ணும் முழுதாக விழும்.