ஏரிக்கரை விடுதியில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு

கேட்டரிங் படிப்பை முடித்துவிட்டு, கேரளத்தின் வேம்பநாட்டு ஏரிக்கரையில் குமரகம், முகம்மா பக்கம் ஏதோ ஒரு விடுதியில் முதல் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி அந்தக் கரையில்தான் கழிந்தது. விருந்தினர்கள் கிளம்பும்போது எழுதிவைத்துவிட்டுப் போகும் கருத்துப் புத்தகங்களை ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறேன். அறை எவ்வளவு பெரியது, டிவி எத்தனை அங்குலம் என்று எழுதியவர்கள் அபூர்வம். அந்தத் தண்ணீரில் தாங்கள் பார்த்தது, நனைந்தது, பயந்தது, முகம் சுளித்தது, இவற்றைத்தான் எழுதுவார்கள். அதனால் உங்கள் வேலையில் பாதி, ஏரியைத் தெரிந்துகொள்வது. மீதிப் பாதி, தெரிந்ததை மறைக்காமல் சொல்வது.

1. ஏரியின் வருடத்தைப் படியுங்கள். ஏரியை ஒட்டிய குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. அந்த வயல்களுக்குள் உப்பு ஏறாமல் தடுக்கத்தான் தண்ணீர்முக்கம் தடுப்பணை. டிசம்பர் நடுவில் ஷட்டர்களை இறக்குவார்கள். கோடை தொடங்கியதும் ஏற்றுவார்கள். குமரகம் அந்த அணைக்குத் தெற்கே இருக்கிறது. அடைத்திருக்கும் மாதங்களில் ஓட்டம் நின்றுபோய் ஆகாயத்தாமரை மண்டும். ஷட்டர் திறந்து உப்புத் தண்ணீர் பட்டதும் அது அழுகும், வாடை வரும். விடுதியில் கூட்டம் அலைமோதுவதும் இதே மாதங்களில்தான். வருகிறவர்கள் விளம்பரப் படத்தில் பார்த்த தெளிந்த நீலத் தண்ணீரைத் தேடுவார்கள். முன்பதிவுக்குப் போன் வரும்போதே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆள் வராது என்று மேனேஜர் பயப்படலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர், அந்தப் பச்சைப் பரப்பின் மேல் நடந்துபோகும் பறவைகளை நின்று ரசிப்பார். தெரியாமல் வந்தவர், ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுவார். அவர் எழுதுவதில் தப்பில்லை.

2. திசை தெரிந்திருக்க வேண்டும். குமரகம் கிழக்குக் கரை. சூரியன் ஏரிக்குள் இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். தண்ணீரிலிருந்து அது எழும்புவதைப் பார்க்க வேண்டுமானால் எதிர்க்கரையான முகம்மாவில் தங்க வேண்டும். அதிகாலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து, தவறான பக்கம் பார்த்து நிற்கும் விருந்தினரை நீங்கள் உண்டாக்கக் கூடாது.

3. படகு விஷயத்தில் யாருக்காகவும் தளராதீர்கள். 2002 ஜூலை 27-ஆம் தேதி, முகம்மாவிலிருந்து குமரகம் வந்துகொண்டிருந்த பயணிகள் படகு இதே ஏரியில் மூழ்கி 29 பேர் இறந்துபோனார்கள். அரசு வேலைத் தேர்வு எழுதக் கிளம்பிய பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள், உங்கள் வயதுக்காரர்கள். ஏரியைப் பார்த்தால் அப்படி ஒரு பயம் வராது. வராமல் இருப்பதுதான் ஆபத்து. ஆறு பேர் படகில் ஏழாவது ஆள் குழந்தைதானே என்பார்கள், போட்டோ எடுக்க லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றலாமா என்பார்கள். இரண்டுக்கும் முடியாது என்பதே பதில். சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.

வயதானவர்களை ஏற்றும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவர்களே பற்றிக்கொள்ளட்டும். காலைப் படகின் விளிம்பில் வைக்க விடாமல் நடுப்பலகையில் வைக்கச் சொல்லுங்கள். படகுக்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். துறைப் படிகளில் பாசி ஒரே வாரத்தில் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்களா என்பதை நீங்களே காலால் தொட்டுப் பாருங்கள், ரிஜிஸ்டரில் டிக் இருந்தாலும் சரி. துலா மாத மழைக்காலத்திலும் சித்திரை, வைகாசியிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். வானம் கறுத்தால் ஷிகாராப் படகு கரைக்கு வந்தாக வேண்டும், விருந்தினர் முழு நேரத்துக்கும் காசு கொடுத்தேன் என்றாலும் சரி. மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. கொசு இல்லை என்று சொல்லாதீர்கள். தண்ணீர்க்கரையில் இருக்கும். அந்தி சாய்வதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தினால் இரவு நிம்மதி. விளக்குப் போட்ட பிறகு சாத்தினால் உள்ளே வந்தது உள்ளேதான். வானம் தெரியும் குளியலறையில் மழைக்காலத்தில் தவளை வந்து உட்காரும். செக்-இன் செய்யும்போதே குழந்தைகளிடம் சொல்லிவைத்தால் அவர்கள் அதைத் தேடிப்போய்ப் பார்ப்பார்கள். சொல்லாமல் விட்டு, நள்ளிரவில் அது அவர்கள் அம்மா காலடியில் தட்டுப்பட்டால், ரிசப்ஷனுக்குப் போன் வரும்.

5. ஜூன், ஜூலையில் ஹவுஸ்கீப்பிங்தான் விடுதியின் முகம். துண்டு காயாது. அலமாரி பூஞ்சை வாடை அடிக்கும். ஆள் இல்லாத அறைகளையும் தினமும் திறந்துவைத்துக் காற்று விடுங்கள்.

6. சாப்பாடு. கரிமீன் பொள்ளிச்சது கேட்காத மேசை இருக்காது. மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து, கல்லில் போட்டு நிதானமாக எடுக்க வேண்டியது. நேரமாகும் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லுங்கள். முள் அதிகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு மீனைச் சொல்லிக் கொடுங்கள், அல்லது பக்கத்தில் நின்று முள்ளெடுத்துக் கொடுங்கள். நம் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் மூன்றாம் நாள் மெல்லிய குரலில் தயிர் சாதம் கிடைக்குமா என்பார்கள். மெனுவில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். சமையலறையில் சோறும் இருக்கிறது, தயிரும் இருக்கிறது.

7. விருந்தினர்களைத் தனியாக விடக் கற்றுக்கொள்ளுங்கள். இதுதான் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டம். பயிற்சியில் கவனி, கேள், உபசரி என்றே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்து, நீர்க்காகம் கம்பத்தின் மேல் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் எதற்காக வந்தாரோ அது நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் போய், “எல்லாம் சரியா இருக்கா சார்?” என்று கேட்காதீர்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் அவர் திரும்பி, “அது என்ன பறவை?” என்று கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, மீன்கொத்தி, தாழைக்கோழி, இந்த ஐந்தில் தொடங்குங்கள். மற்றதைப் படகுக்காரரிடம் கேளுங்கள். கருத்துப் புத்தகத்தில் அதிகம் புகழப்படுகிறவர் அவர்தான். சம்பளம் குறைவாக வாங்குகிறவர்களிலும் அவர் ஒருவர் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

8. கரையில் குடியிருப்பவர்கள் காட்சிப் பொருள் அல்ல. வாய்க்கால் படியில் துணி துவைக்கும் பெண்களையும், கக்காச் சிப்பி அள்ளி வரும் வள்ளக்காரரையும் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம் என்று படகு கிளம்பும் முன் சொல்லுங்கள். படகு வீடுகள் மாலை ஐந்தரைக்கெல்லாம் கரை கட்ட வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு ஏரி வலை போடுகிறவர்களுடையது. ராத்திரியில் ஒரு ரவுண்டு போகலாமே என்று வற்புறுத்துகிறவரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

9. குமரகத்திலிருந்து கோட்டயம் ரயிலடி சுமார் 15 கிலோமீட்டர். காலை வண்டி பிடிப்பவருக்கு முந்தின இரவே பில்லைத் தயாராக வையுங்கள். கடைசி அரை மணி நேரத்தை அவர் கவுண்டரில் நின்று கழிக்காமல் படகுத்துறையில் கழிக்கட்டும். கருத்துப் புத்தகத்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதி முடித்ததும் அன்றைக்கே படியுங்கள். பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தால் அந்த ஆளைத் தேடிப்போய் வாசித்துக் காட்டுங்கள், அவர் தமிழோ இங்கிலீஷோ படிக்காதவராக இருக்கலாம். குறை எழுதியிருந்தால், அடுத்த விருந்தினர் அந்த அறைக்குள் நுழையும் முன் அது சரியாகியிருக்க வேண்டும்.