அவுட்போர்டு மோட்டார் 'டக்' என்று நின்றுவிட்டால்

சாவியைத் திருப்பியதும் அவுட்போர்டு மோட்டார் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியது பேட்டரி இணைப்பை. உப்புக்காற்றில் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். வெளியே புதிதுபோல் தெரியும் வயருக்குள்ளும் அது ஓடியிருக்கும்; உறையைச் சிறிது சீவினால் கம்பி கறுத்திருப்பது தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரிக் குமிழிலும், மற்றொன்றை அதே குமிழில் மாட்டியுள்ள வயரின் லக்கிலும் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த இணைப்பில்தான்.

பெட்ரோல் வாடை அடித்தால், அது அடங்கும்வரை எதையும் தொடக்கூடாது. கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். குமிழை உப்புத்தாளால் தேய்த்து, கறுத்த கம்பியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய புது லக்கை அழுத்திப் பொருத்தி, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். வெறும் இன்சுலேஷன் டேப் கடலுக்கு ஆகாது. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கையால் திருகும் இறக்கை நட்டும் அதிர்வில் தளரும். ஸ்பேனரால் முடுக்கும் நைலான் லாக் நட்டே நம்பகமானது. முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவ வேண்டும்.