தொலைந்த லினக்ஸ் மெனுவை மீட்டெடுப்போம்

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல் விண்டோஸ், உபுண்டு ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் மாணவர்களுக்கு அறிமுகம் செய்கிறது. எனவே ஒரே கணினியில் இரண்டையும் நிறுவி வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் சேர்த்துத் தரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. இத்தகைய கணினியை இயக்கியதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் மெனு ஒன்று திரையில் வரும். ஒருநாள் அந்த மெனு வராமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரை.

போத்தனூரில் கணினி ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு இந்தச் சிக்கல் செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் வந்தது. வேகம் குறைந்த ஓர் ஆய்வகக் கணினியில், வெளியிலிருந்து வந்த பழுதுநீக்குபவர் விண்டோஸை மறுபடியும் நிறுவிவிட்டுச் சென்றார். மறுநாள் மாணவர்கள் என்னிடம் ஓடிவந்தார்கள். "சார், லினக்ஸ் போயிருச்சுங்க சார். எங்க பைத்தான் புரோகிராம் எல்லாம் அதுலதானுங்க இருந்துச்சு" என்றான் ஒருவன். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், "ஃபார்மேட் பண்ணிட்டு ரெண்டையும் புதுசாப் போட்டுருங்க சார்" என்று ஆலோசனை சொன்னார்.

அந்தக் கணினியில் இருந்தவை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மாதக்கணக்கில் எழுதிய நிரல்கள். அவற்றை உண்மையிலேயே அழித்துவிடக்கூடிய செயல் ஃபார்மேட் ஒன்றுதான். ஆகவே முதலில் யாரையும் அந்தக் கணினியைத் தொடவிடவில்லை. பிறகு, இரண்டு பாடவேளைகளில் மாணவர்களை உடன் வைத்துக்கொண்டே மெனுவை மீட்டெடுத்தோம்.

தண்டவாளம் இருக்கிறது, பாயிண்ட் மாறிவிட்டது

எங்கள் மாணவர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. போத்தனூர் சந்திப்பிலிருந்து பாலக்காட்டுக்கு ஒரு பாதை, பொள்ளாச்சிக்கு ஒரு பாதை, கோயம்புத்தூருக்கு ஒரு பாதை என்று பிரிகின்றன. வரும் ரயில் எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பாயிண்ட். அது ஒரே பக்கம் பூட்டப்பட்டுவிட்டால் எல்லா ரயில்களும் ஒரே பாதையில்தான் போகும். அதற்காக மற்றப் பாதையின் தண்டவாளங்களை யாரோ பெயர்த்துவிட்டார்கள் என்று பொருளில்லை.

கணினியில் பாயிண்டின் வேலையைச் செய்வது பூட்லோடர். லினக்ஸில் பெரும்பாலும் பயன்படுவது க்ரப் என்னும் பூட்லோடர். 1995இல் எரிக் போலின் என்பவர் இதன் முதல் வடிவத்தைத் தொடங்கினார். விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது தன் பூட்லோடரை முன்னால் வைத்துக்கொள்கிறது. லினக்ஸை மெனுவில் சேர்ப்பதில்லை. லினக்ஸ் பார்ட்டிஷனும் அதிலுள்ள கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இது எப்படி நிகழ்கிறது என்பது கணினியின் வயதைப் பொறுத்தது. பழைய பயாஸ் முறையில் ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளே துவக்கப் பகுதி. அதில் 446 பைட்டுகள் பூட்லோடரின் முதல் துண்டுக்கு. 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. விண்டோஸ் நிறுவப்படும்போது அந்த 446 பைட்டு இடத்தில் தன் நிரலை எழுதிவிடுகிறது.

புதிய யூஇஎஃப்ஐ முறையில் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதியில் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை என்று தனித்தனியாக இருக்கும். எதை முதலில் துவக்குவது என்ற வரிசை, தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது பெரும்பாலும் மாறுவது இந்த வரிசைதான்.

மீட்கும் முறை

முதல் படி: துவக்க மெனுவைப் பாருங்கள். கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தினால் துவக்க மெனு வரும்; நிறுவனத்துக்கு நிறுவனம் விசை மாறும். அதில் உபுண்டு என்ற பெயர் இருந்தால் தேர்ந்தெடுங்கள். பழைய மெனு வந்துவிட்டால் க்ரப் நலமாக இருக்கிறது. அமைப்புத் திரைக்குள் சென்று உபுண்டுவை வரிசையில் முதலாவதாக நகர்த்திச் சேமித்தால் போதும். ஒரு கட்டளைகூடத் தேவையில்லை.

இரண்டாம் படி: லைவ் பென்டிரைவிலிருந்து துவக்குங்கள். துவக்க மெனுவில் உபுண்டு இல்லையென்றால் உபுண்டு எழுதப்பட்ட 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். வேறொரு விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்ற இலவசச் செயலியால் அதைத் தயாரிக்கலாம். துவங்கியதும் 'நிறுவு' என்பதைத் தொடாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழுதான கணினியில் லினக்ஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ, யூஇஎஃப்ஐ அல்லது பயாஸ், அதே முறையில்தான் பென்டிரைவையும் துவக்க வேண்டும். முறை மாறினால் பிற்பாடு செய்யும் எதுவும் பயன் தராது.

மூன்றாம் படி: பார்ட்டிஷன்களை அடையாளம் காணுங்கள். டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-எல்-கே என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைச் சிறிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் எஃப் எழுத்தும் சேருங்கள். என்டிஎஃப்எஸ் என்று வருபவை விண்டோஸுடையவை. இஎக்ஸ்டி4 என்று வருவது லினக்ஸ். விஃபேட் என்று வரும் சிறிய பகுதி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். இஎக்ஸ்டி4 பட்டியலிலேயே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்போது லினக்ஸ் பார்ட்டிஷனே நீக்கப்பட்டிருக்கலாம். அது தரவு மீட்பு வேலை. அந்த வட்டில் எதையும் எழுதக்கூடாது.

நான்காம் படி: கோப்புகளை நகலெடுங்கள். பழுதுநீக்கும் முன்பே லினக்ஸ் பார்ட்டிஷனைத் திறந்து, ஹோம் கோப்புறையில் உள்ள மாணவர் கோப்புகளை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் சூடோ சேர்த்து டெர்மினலில் நகலெடுக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டது இந்தக் கட்டத்தில்தான். நிரல்கள் அத்தனையும் கண்முன் இருந்தன.

ஐந்தாம் படி: க்ரப்பை மறுபடி நிறுவுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை எம்-என்-டி என்ற கோப்புறையில் மவுண்ட் செய்யுங்கள். யூஇஎஃப்ஐ கணினியாக இருந்தால் அதற்குள் உள்ள பூட் கோப்புறையின் ஈஎஃப்ஐ உட்கோப்புறையில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்று கோப்புறைகளையும் 'ஆர்பைண்ட்' முறையில் அங்கே இணைத்து, சி-எச்-ரூட் கட்டளையால் பழைய லினக்ஸுக்குள் நுழையுங்கள். பிறகு க்ரப்-இன்ஸ்டால், அதைத் தொடர்ந்து அப்டேட்-க்ரப் என்ற இரண்டு கட்டளைகள். பயாஸ் கணினியில் க்ரப்-இன்ஸ்டாலுக்கு முழு வட்டின் பெயரைத் தரவேண்டும். எஸ்டிஏ என்பது வட்டு. எஸ்டிஏ5 என்பது அதன் ஒரு பார்ட்டிஷன். எண் இல்லாத பெயரே சரி.

கட்டளைகளில் பழக்கம் இல்லாதவர்கள் பூட்-ரிப்பேர் என்ற இலவசக் கருவியை இணைய வசதியுடன் லைவ் உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். அதன் பரிந்துரைப் பொத்தானை அழுத்தினால் இதே வேலையைத் தானே செய்யும். நான்காம் படியை அப்போதும் விட்டுவிடாதீர்கள்.

லினக்ஸ் வந்தது, விண்டோஸ் எங்கே?

மெனு திரும்பியதும் சிலருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும்: அதில் விண்டோஸ் இருக்காது. க்ரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வசதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் கோப்புறையில் இருக்கும் க்ரப் என்ற கோப்பைத் திறந்து, ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் அமைப்புக்கு 'ஃபால்ஸ்' என்ற மதிப்பைத் தந்து, அப்டேட்-க்ரப் கட்டளையை மறுபடி இயக்கினால் விண்டோஸும் வந்துவிடும்.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுவதும் நல்லது. அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அதனால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுத முடியாமல் போகலாம். கணினியில் பிட்லாக்கர் இருந்தால் துவக்க அமைப்புகளை மாற்றும் முன் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விண்டோஸைத் திறக்க முடியாமல் போகக்கூடும்.

வகுப்பறைச் செயல்பாடு

இதை ஆய்வகக் கணினியில் பழகக்கூடாது. விர்ச்சுவல்பாக்ஸில் பயாஸ் முறையில் ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கி, சிறிய வட்டில் டெபியனை நிறுவி, அதன் ஸ்னாப்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மூன்று பணிகள் தருகிறேன்.

1. 446, 64, 2 ஆகியவற்றைக் கூட்டி 512 வருவதைச் சரிபார்க்க வேண்டும். அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்டுகள் என்றால் எத்தனை முதன்மைப் பார்ட்டிஷன்கள் இடம்பெறும்? நான்கு என்ற விடையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

2. மெய்நிகர் வட்டின் முதல் 446 பைட்டுகளை டி-டி கட்டளையால் பூஜ்யமாக்கி, கணினி துவங்காததைப் பார்க்க வேண்டும். பிறகு டெபியன் நிறுவல் கோப்பிலுள்ள மீட்பு முறையில் துவக்கி, க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

3. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, இம்முறை 512 பைட்டுகளையும் அழிக்க வேண்டும். பார்ட்டிஷன் அட்டவணையும் போய்விட்டதால் முந்தைய வழி இப்போது உதவாது. 66 பைட்டு வித்தியாசம் என்ன செய்யும் என்பதை நேரில் காண்பார்கள்.

மூன்றாவது பணிக்குப் பின் கட்டளையை அடிக்கும் முன் வட்டின் பெயரை இருமுறை சரிபார்க்கும் பழக்கம் மாணவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது.

எங்கள் ஆய்வகச் சுவரில் இப்போது மூன்று வரிகள் ஒட்டப்பட்டுள்ளன: 'முதலில் துவக்க மெனுவைப் பார். அடுத்து கோப்புகளை நகலெடு. ஆசிரியரைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யாதே.' பழுதுநீக்க வெளியிலிருந்து யார் வந்தாலும் அவர்களிடமும் இதைக் காட்டுகிறோம். உபுண்டு பென்டிரைவ் ஒன்றும் ஆய்வக அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் ஒன்றைத் தயாரித்து வையுங்கள்.